பகடைக்குக் கணக்கு எழுதிய டாக்டர்... மனைவியின் நகையை அடகு வைத்த கதை!

ரெண்டு பகடை இருக்கு. உங்க ஃப்ரெண்ட் ஒரு பந்தயம் சொல்றார். ரெண்டையும் உருட்டணும், ஏதாவது ஒண்ணுல 'ஒன்று' விழுந்தா அவர் உங்களுக்கு 22 ரூபாய் தருவார். விழலைன்னா நீங்க 11 ரூபாய் தரணும். ஒரு பகடைக்கு ஆறில் ஒரு வாய்ப்புன்னா ரெண்டு பகடைக்கு மூணில் ஒண்ணு, அதுக்கு ரெண்டு மடங்கு பணம், சரியாத்தானே இருக்குன்னு தோணும். அவசரப்பட்டு ஓகே சொல்லிடாதீங்க. ஆட ஆட உங்க பர்ஸ்தான் காலியாகும்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த மனுஷனைத் தெரிஞ்சுக்கோங்க. பெயர், ஜெரோலமோ கார்டானோ. இத்தாலியின் பவியா நகரில் 1501-ல் பிறந்தவர். அப்பா ஃபாஸியோ, மிலன் நகரத்து வக்கீல். லியனார்டோ டா வின்சியே வடிவியல் சந்தேகங்களைக் கேட்கும் அளவுக்குக் கணக்கில் புலி. ஆனால், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்த ஒரு விஷயம் கார்டானோவை ரொம்ப வருஷம் துரத்தியது. மருத்துவம் படித்து முடித்து மிலன் மருத்துவர் சங்கத்தின் கதவைத் தட்டினால், பிறப்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். 1539-ல்தான் உள்ளே விட்டார்கள்.

அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழி? பகடையும் சீட்டும்தான். அப்பா விட்டுப்போன சொத்து சீக்கிரமே கரைந்துவிட, சூதாட்டத்தையே வருமானமாக்கிக்கொண்டார். கொஞ்ச நாள் ஜெயித்தார். அப்புறம்? நமக்குத் தெரிஞ்ச கதைதான். 1531-ல் லூசியாவைக் கல்யாணம் செய்தார். சில வருஷங்களுக்குள் லூசியாவின் நகைகள் அடகுக்குப் போயின, வீட்டுச் சாமான்களும் போயின. குடும்பத்தோடு மிலனின் ஏழைகள் விடுதியில் தங்க வேண்டியதாயிற்று.

வெனிஸில் நடந்தது இன்னும் சினிமாத்தனம். ஒருவர் வீட்டில் சீட்டாடி நிறைய இழந்த பிறகு, சீட்டுகளில் அடையாளம் போட்டிருப்பது தெரியவந்தது. கத்தியை எடுத்து அந்த ஆளின் முகத்தில் கீறிவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு தப்பினார். அன்று ராத்திரியே தண்ணீரில் தவறி விழுந்தார். ஒரு படகு வந்து காப்பாற்றியது. படகில் யார் இருந்தது தெரியுமா? முகத்தில் கட்டுப்போட்ட அதே ஆள்! பழிவாங்காமல், மாற்றுத்துணி கொடுத்து படுவா நகரம் வரை கூட்டிப்போனார். இதைத் தன் சுயசரிதையில் கார்டானோவே எழுதிவைத்திருக்கிறார். அவர் அடிச்சு விடுற ஆளும்கூட, அதனால நம்புறது உங்க இஷ்டம்.

இவ்வளவு அடிபட்ட ஆள்தான், எது நியாயமான பந்தயம்னு ஒரு சின்ன புத்தகம் எழுதினார். சூதாட்டத்துக்கு அடிப்படை, சமம். ஆடுற ஆட்கள், சுத்தி நிற்கிறவங்க, பணம், பகடை, அதைக் குலுக்கும் டப்பா என எல்லாமே சமமா இருக்கணும். அது உங்க பக்கம் சாய்ஞ்சா நீங்க அநியாயக்காரர். எதிராளி பக்கம் சாய்ஞ்சா நீங்க ஏமாளி என்பது அவர் கட்சி.

சரி, அந்தச் சமத்தை எப்படி அளக்கிறது? விழக்கூடிய எல்லா விதத்தையும் எண்ணுங்கள் என்றார். ரெண்டு பகடைக்கு மொத்தம் 36 விதம். இதுக்கு அவர் வெச்ச பேரு, முழுச் சுற்று. இப்போ ஆரம்பத்துல சொன்ன பந்தயத்துக்கு வாங்க. முதல் பகடையில் ஒன்று விழ 6 விதம், ரெண்டாவதில் விழ 6 விதம். கூட்டினால் 12. ஆனா ரெண்டிலுமே ஒன்று விழும் விதத்தை இதுல ரெண்டு தடவை எண்ணிட்டோம். அதனால உங்களுக்குச் சாதகம் 11, பாதகம் 25.

சராசரியாக 36 தடவை உருட்டினால், 11 தடவை 22 ரூபாய், அதாவது 242 உங்க கைக்கு வரும். 25 தடவை 11 ரூபாய், அதாவது 275 போகும். 33 ரூபாய் காலி. உங்க ஃப்ரெண்ட் 22-க்குப் பதிலா 25 ரூபாய் தரச் சம்மதிச்சா, வரவும் 275, செலவும் 275. எத்தனை விதம் சாதகமோ அவ்வளவு நீங்க வைக்கணும், எத்தனை விதம் பாதகமோ அவ்வளவு அவர் வைக்கணும். இதே மாதிரி, கூட்டுத்தொகை 7 விழ 6 விதம் இருக்கு. அதுக்கு ஒண்ணுக்கு அஞ்சு தரணும். 2 விழ ஒரே விதம்தான், ஒண்ணுக்கு 35!

அவருக்கே இது சுலபமாக வந்துவிடவில்லை. ஒரு பகடையை மூணு தடவை உருட்டினா, கேட்ட எண் விழுறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அது தப்பு, 216-ல் 91-தான், பாதிக்கும் குறைவு. பின்னால் மூணு பகடைக்குச் சரியான கணக்கைப் பிடித்தபோதும் பழைய தப்பை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

இவ்வளவு தெரிஞ்சவர் ஏன் தோத்தார்? நியாயமான பந்தயம்னா சராசரியா லாபம் பூஜ்யம். அதுவும் எதிராளி ஒழுங்கா ஆடினால்தான். மோதிரத்தில் குட்டிக் கண்ணாடி பதித்து சீட்டைப் பார்க்கும் ஆட்களைப் பற்றியெல்லாம் அதே புத்தகத்தில் எச்சரிக்கிறார். ஆடாமல் இருப்பதே பெரிய லாபம் என்றும் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, ஆடப் போனார்! சுமார் 25 வருஷம் பகடை, 40 வருஷத்துக்கு மேல் செஸ் என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார்.

நல்ல காலமும் வந்தது. முப்படிச் சமன்பாட்டின் தீர்வைச் சொன்ன 'ஆர்ஸ் மாக்னா' 1545-ல் வெளியானது. 1552-ல் ஸ்காட்லாந்து பேராயர் ஜான் ஹாமில்டனின் மூச்சுத்திணறலைக் குணமாக்கப் போய், இறகு மெத்தையை மாற்றச் சொல்லிப் பெயர் வாங்கினார். ஆனால், 1560-ல் மூத்த மகன் தன் மனைவிக்கு விஷம் வைத்த குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டான். இன்னொரு மகன் சூதாடி. அப்பா வீட்டிலேயே திருடினான். 1570-ல் மத விசாரணை மன்றம் கார்டானோவைச் சிறையில் அடைத்தது. வெளியே வந்தவர், போப் கொடுத்த உதவித்தொகையில் ரோமில் வாழ்ந்து 1576-ல் இறந்தார்.

பகடைப் புத்தகம் அச்சேறாமல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் பந்தயப் பணத்தைப் பங்கு பிரிப்பது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவின் பிறப்பு என்ற பெயர் அதற்குப் போனது. கார்டானோவின் புத்தகம் 1663-ல்தான் வெளிவந்தது. அவருடைய எழுத்துகள் மொத்தம் பத்துத் தொகுதிகள். அதில் முதல் தொகுதியில், பதினைந்தே பக்கம்.