டாக்டர் வெங்கடசாமி: விரல்களை முடக்கிய நோயோடு 1 லட்சம் கண் ஆபரேஷன் செய்தது எப்படி?

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்த் தமிழர்களுக்குப் பக்கத்துப் பெரிய நகரம் கோவைதான். அங்கே 1997இல் வந்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரம்பம், மதுரையில் வெறும் 11 படுக்கைகள். அதைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமியின் விரல்கள் அப்போதே கோணிப் போயிருந்தன. காரணம், நம் எதிர்ப்பு சக்தி நம்மையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்.

யார் இந்த ‘டாக்டர் வி’?

1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் இறந்துபோனதால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1944இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

30 வயதில் முடக்குவாதம் தாக்கியது. ஓராண்டுக்கும் மேல் படுக்கை. ராணுவ வேலையும் போச்சு, பிரசவம் பார்க்கும் கனவும் போச்சு.

ஆனா மனுஷன் விடல. கண் மருத்துவம் படித்து 1951இல் டிப்ளமோ வாங்கினார். தன் விரல்களுக்கு ஏற்ற கருவிகளோடு, கத்தி பிடிக்கவே புதிதாகப் பழகினார். ஒரே நாளில் 100 கண்புரை ஆபரேஷன் செய்யும் அளவுக்கு வேகம் வந்தது. வாழ்நாள் கணக்கு 1 லட்சத்தைத் தாண்டியது. 1973இல் பத்மஸ்ரீ. 1976இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கையோடு அரவிந்த். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகத் தயாரிக்க, 1992இல் ஆரோலேப் வந்தது. 2006 ஜூலை 7 அன்று காலமானார்.

அன்றைக்கு என்ன டெஸ்ட் இருந்தது?

அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் 1930இலேயே தெரியும். ஆனால் இன்றைக்குப் போல தெரு முனை லேபில் எடுக்கும் டெஸ்ட் அல்ல. முடக்குவாதத்தை ஆரம்பத்திலேயே பிடிக்க உதவும் ஆன்டி-சிசிபி டெஸ்ட் பல பத்தாண்டுகள் கழித்துதான் வந்தது. கார்டிசோன் மருந்தையே 1948இல்தான் அமெரிக்காவில் முதன்முதலில் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முடக்குவாதம் மூட்டோடு நிற்காது. கண் வறட்சி, வெள்ளை விழியில் வலியோடு வரும் ஸ்கிளிரைடிஸ் என்று கண்ணுக்கும் வரலாம். முதுகெலும்பைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகை நோய்களில், கண்ணின் உட்பகுதி அழற்சியான யுவைடிஸ் வரலாம். இதோடு தொடர்புள்ளது எச்எல்ஏ-பி27 என்ற மரபணுக் குறியீடு. அது பாசிட்டிவ் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை.

அப்போ ரத்த டெஸ்ட் நார்மல்னா நிம்மதியா? இல்லை. கண் சின்ன உறுப்பு. அதற்குள் மட்டும் அழற்சி இருந்தால் சிஆர்பி, இஎஸ்ஆர் ஏறாமலே இருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணுக்குள் மிதக்கும் அழற்சி செல்களை எண்ணுகிறார்கள். கண்ணீரிலும் கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலும் ஐஎல்-6 போன்ற குறியீடுகளை அளக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

நாம் கவனிக்க வேண்டியது

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசினால், லேப்டாப் பார்த்ததால்தான் என்று விட்டுவிடாதீங்க. காலையில் மூட்டு விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதையும் கண் டாக்டரிடம் சொல்லுங்க. மெடிக்கலில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடக்கூடாது. கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம்.

டாக்டர் வெங்கடசாமியின் விரல்களுக்கு அன்று கிடைக்காத வாய்ப்பு இன்று இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டையும் கண்ணையும் பெரும்பாலும் காப்பாற்றலாம்.