உங்கள் போன் பிழையைத் தானே திருத்துவது எப்படி? டெல்லியில் படித்த ராஜ் சந்திர போஸின் கதை

டெல்லியில் ஒரு டீக்கடை க்யூஆர் கோடு லேசாகக் கிழிந்திருந்தாலும் உங்கள் போன் அதைப் படித்துவிடும். எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அதன் பின்னால் இருக்கும் கணிதத்தில் ராஜ் சந்திர போஸுக்குப் பெரிய பங்கு உண்டு. சத்யேந்திர நாத் போஸ் வேறு, இவர் வேறு.

யார் இவர்?

1901-ல் ஹோஷங்காபாத்தில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். 1918 இன்ஃபுளூயன்ஸா கொள்ளைநோயில் அம்மா இறந்தார், அடுத்த ஆண்டு பக்கவாதத்தில் அப்பா. அந்த நிலையிலும் டெல்லி இந்துக் கல்லூரியில் படித்தார், பிறகு கொல்கத்தா போனார். 1932-ல் மகலனோபிஸ் அவரை இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அழைத்துக்கொண்டார்.

வயலில் இருந்து வயர்லெஸுக்கு

எந்த உரத்தை எந்தப் பாத்தியில் போட்டுச் சோதித்தால் முடிவு நம்பகமாக இருக்கும்? இந்தக் கேள்விக்காகத்தான் போஸ் முடிவுறு புலங்கள் என்ற இயற்கணிதத்தைக் கையில் எடுத்தார். 1949-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1959-ல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து, ஆய்லர் 1782-ல் சொன்ன ஓர் ஊகம் தவறு என்று நிரூபித்தார்.

அதே இயற்கணிதத்தை வைத்து மாணவர் ராய் சௌதுரியுடன் 1960-ல் வெளியிட்டதுதான் பிசிஎச் குறியீடு. பிரான்ஸின் ஒக்கெங்கெம் இதைத் தனியாக 1959-லேயே கண்டுபிடித்திருந்தார். மூவர் பெயரின் முதலெழுத்துகளே பிசிஎச்.

சிம்பிளா சொன்னா என்ன?

காற்றில் போகும் 0, 1-களில் சில வழியில் மாறிவிடும். அதனால் செய்தியோடு கூடுதல் பிட்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். சரியான குறியீடுகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும். வந்தது கொஞ்சம் சிதைந்திருந்தால், அதற்கு மிக நெருக்கமான சரியான குறியீட்டைக் கருவி கண்டுபிடிக்கும். மறுபடி அனுப்பச் சொல்லத் தேவையில்லை. க்யூஆர் கோட்டின் வடிவத் தகவலில் 5 பிட்களுக்கு 10 காப்பு பிட்கள். 3 பிட் தப்பானாலும் மீட்டுவிடலாம்! எத்தனை பிழை வரை திருத்த வேண்டும் என்று முன்பே முடிவு செய்து குறியீட்டை அமைக்கலாம், பிசிஎச்சின் பலமே அதுதான்.

இன்றும் இருக்கிறதா?

முதல் தலைமுறை ஆம்ப்ஸ் செல்போன்களின் கட்டுப்பாட்டுச் சேனலில் பிசிஎச் இருந்தது. 5ஜி-யில் எல்டிபிசி, போலார் குறியீடுகள் வந்துவிட்டன. ஆனால் டிவிபி-எஸ்2 சாட்டிலைட் ஒளிபரப்பில் எல்டிபிசியோடு பிசிஎச்சும் கைகோத்து வேலை செய்கிறது.

போஸ் 1987-ல் கொலராடோவில் காலமானார். 'இந்தக் கணக்கால் என்ன பயன்?'னு உங்க வேலையிலும் யாராவது கேட்டால், உரப் பாத்திக்குப் போட்ட கணக்கு போன் வரை வந்ததைச் சொல்லுங்க.