செருக்கும் அடையாளமும்: தாமஸ் நாஸ்ட்டின் கருத்துப்பட வாழ்வு

முன்னுரை

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. வெளிப்படப் பழிப்பது முன்னது; பழியை மறைத்துக் கூறுவது பின்னது. அரசியல் கருத்துப்படத்தில் இவ்விரண்டும் ஒன்றுகூடுகின்றன. படத்தில் புலியும் கழுகுமே தோன்றினும், குறிக்கப்படுபவர் யார் என்பதைக் காண்போர் அனைவரும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இக்கலையை அரசியல் ஆற்றலாக வளர்த்த தாமஸ் நாஸ்ட்டின் வாழ்வு, அதன் வலிமையையும் வழுவையும் ஒருங்கே காட்டுகிறது.

இளமையும் தொழிலும்

நாஸ்ட் 1840 செப்டம்பர் 27 அன்று பவேரிய ஆட்சிக்குட்பட்ட லாண்டாவ் நகரில் பிறந்தார். தந்தை இராணுவ இசைக்குழுவினர். 1846இல் தாயுடன் நியூயார்க்கில் குடியேறிய சிறுவனுக்குப் பள்ளிக் கல்வியைவிட ஓவியமே கைவந்தது. பதினைந்தாம் வயதிலேயே படஇதழ் ஒன்றில் பணியேற்ற அவர், 1860இல் கரிபால்டியின் போர்களை வரைய இத்தாலி சென்றார். 1862இல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் இணைந்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒன்றியத்தையும் அடிமை ஒழிப்பையும் ஆதரித்து வரைந்த படங்களால் புகழ்பெற்றார். அக்காலத்தில் படம் மரக்கட்டையின்மீது இடவலம் மாற்றி வரையப்பட்டு, செதுக்குவினைஞரால் செதுக்கப்பட்டு அச்சேறியது. இம்முறைக்கேற்ப அழுத்தமான கோடுகளும் நெருங்கிய குறுக்குக்கோடுகளும் அவரது நடையாயின.

டம்மனி ஹாலும் ட்வீடும்

நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி அமைப்பான டம்மனி ஹாலின் தலைவர் வில்லியம் ட்வீட், மாநகர மேயர், கணக்கதிகாரி, பொருளாளர் ஆகியோருடன் சேர்ந்து நகரின் நிதியைத் தம் பிடிக்குள் வைத்திருந்தார். தொடக்கத்தில் 2,50,000 டாலர் ஒதுக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடத்தின் செலவு, பொய்ப்பட்டியல்களால் ஒரு கோடி டாலரைக் கடந்தது. 1871 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இக்கணக்குகளை வெளியிட்டது. எண்கள் உணர்த்தியதை நாஸ்ட் உருவங்களாக்கினார்.

அவர் கையாண்ட உத்தி நுட்பமானது. ட்வீடைச் சிறுமைப்படுத்தப் புதிதாக எதனையும் அவர் பெரிதும் தேடவில்லை. ட்வீட் தம் பெருமைக்கென அணிந்தவற்றையே எடுத்துக்கொண்டார். மார்பில் மின்னிய வைர ஊசி படந்தோறும் பெருத்துத் தோன்றியது. ட்வீட் தலைமையேற்றிருந்த தீயணைப்புக் குழுவின் சின்னமான புலி, டம்மனியின் கொடுமையைக் குறிக்கும் விலங்காயிற்று. 1871 அக்டோபரில் வெளிவந்த படமொன்றில் ட்வீடின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பணமூட்டை இருந்தது. நவம்பர் 11 எனத் தேதியிட்டுத் தேர்தலுக்கு முன்னரே வெளிவந்த படத்தில், உரோமப் பேரரசனாக ட்வீட் வீற்றிருக்க, அரங்கில் புலி குடியரசைக் கிழித்தது. எழுத்தறியாத வாக்காளரும் படங்களைப் புரிந்துகொள்வர் என்பதே ட்வீடின் பெரும் அச்சமாயிருந்ததாகச் செய்தி வழங்குகிறது. ஐரோப்பாவில் ஓவியம் பயிலும் செலவு என்னும் பெயரில் நாஸ்ட்டிடம் பேசப்பட்ட கையூட்டு ஐந்து லட்சம் டாலர்வரை உயர்ந்தும் அவர் மறுத்தார் என, 1904இல் வெளிவந்த பெய்னின் வாழ்க்கை வரலாற்று நூல் பதிவுசெய்கிறது.

தேர்தலில் ட்வீட் தம் செனட் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டாலும், அவர் அணியினர் பெரும்பாலோர் தோற்றனர். 1873இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்ட அவர், 1875இல் காவலிலிருந்து தப்பினார். மறு ஆண்டு ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் அவரை அடையாளம் காட்டியது நாஸ்ட்டின் படமே. இரு சிறுவரைப் பற்றியிருப்பதாக அவரைக் காட்டிய அப்படத்தைக் கண்ட அதிகாரிகள், அவரைச் சிறுவர் கடத்துபவரெனக் கருதினர் என்பர். 1878இல் ட்வீட் சிறையில் இறந்தார்.

அங்கதத்தின் வழு

அதே தூரிகை வேறொன்றையும் செய்தது. டம்மனிக்கு வாக்களித்த ஐரிஷ் எளியோரை நாஸ்ட் குரங்குமுகத்தினராகத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1871 செப்டம்பர் 30இல், கத்தோலிக்க ஆயர்களின் தலையணிகளை முதலைகளின் திறந்த வாய்களாக்கிய படத்திற்குக் கங்கையின் பெயரைச் சூட்டினார். வைர ஊசி ட்வீட் தாமே தேர்ந்துகொண்ட அடையாளம்; குரங்குமுகமோ ஒரு மக்கள்கூட்டத்தின்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. முன்னது செருக்கைச் சுட்டியது. பின்னது செருக்கிலிருந்தே பிறந்தது. அவரும் குடியேறியவரே என்பது இம்முரணை மேலும் கூர்மையாக்குகிறது.

இறுதிக்காலம்

குடியரசுக் கட்சிக்கு யானையை 1874இல் உருவகமாக்கிய நாஸ்ட், 1877இல் தம்மை ஆதரித்துவந்த பதிப்பாளர் பிளெட்சர் ஹார்ப்பர் இறந்தபின் இதழில் செல்வாக்கிழந்தார். 1884இல் ஒரு நிதி நிறுவனத்தின் வீழ்ச்சியில் சேமிப்பை இழந்து, 1886இல் இதழைவிட்டு நீங்கினார். சொந்த இதழும் நிலைக்கவில்லை. 1902இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அளித்த தூதரகப் பணியேற்று ஈக்வடாரின் குவாயாகில் நகர் சென்ற அவர், அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

முடிவுரை

அதிகாரத்தின் செருக்கை அதன் சொந்த அணிகலன்களாலேயே தோலுரித்தது நாஸ்ட்டின் சாதனை. பழிப்பதற்குரியது ஒருவர் செய்த செயலா, அவர் பிறந்த குலமா என்னும் வேறுபாட்டை மறந்தது அவரது வீழ்ச்சி. அங்கதத்தின் அறம் இவ்வேறுபாட்டிலேயே நிலைகொள்கிறது.