மத்தியான இடைவேளையில் படித்து மேதையான அச்சுத் தொழிலாளி

1872-ம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் மாடி அறை ஒன்றில், 32 வயது மனிதர் ஒருவர் உடைந்த களிமண் பலகையைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவர் துள்ளி எழுந்தார். அறைக்குள் அங்கும் இங்கும் ஓடினார். போட்டிருந்த உடைகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார் என்றும், உடன் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள் என்றும் சொல்வார்கள்.

அவர் பைத்தியம் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாருமே படிக்காத ஒரு கதையை, அன்றுதான் அவர் முதன்முதலாகப் படித்தார்.

அவர் பெயர் ஜார்ஜ் ஸ்மித். கல்லூரி வாசலை மிதிக்காதவர். நோட்டு அச்சடிக்கும் தொழிலைக் கற்றுப் பிழைத்தவர்.

14 வயதில் வேலை

ஜார்ஜ் ஸ்மித் 1840-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, லண்டனில் செல்சியா பகுதியில் பிறந்தார். தொழிலாளர் குடும்பம். மகனை மேலே படிக்க வைக்க வசதி இல்லை.

14 வயதிலேயே அவரை ஓர் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பாங்கி நோட்டுகளை அச்சடிக்க, உலோகத் தகட்டில் எழுத்தையும் சித்திரத்தையும் செதுக்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் தகடு வீணாகிவிடும். கண்ணும் கையும் ஒருசேர உழைக்க வேண்டும்.

சிறு வயதிலேயே ஸ்மித்துக்குப் பழைய சரித்திரத்தில் அடங்காத ஆசை. மண்ணுக்குள் புதைந்துபோன அசீரியா, பாபிலோன் நாடுகளைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் விடமாட்டார். கையில் மிஞ்சும் காசு புத்தகங்களுக்கே போயிற்று.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள். ஸ்மித் வேகமாக நடந்து மியூசியத்துக்குப் போவார். அங்கே இருந்த களிமண் பலகைகளைப் பார்த்துவிட்டு, வேலைக்குத் திரும்புவார். வருடக்கணக்கில் இது நடந்தது. 1863-ல் மேரி கிளிப்டன் என்ற பெண்ணை மணந்தார். குடும்பம் பெருகிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

தீயில் வெந்த நூலகம்

அந்தப் பலகைகள் எங்கிருந்து வந்தன?

இன்றைய இராக் நாட்டில் மோசூல் நகருக்கு எதிரே, டைக்ரிஸ் ஆற்றின் அக்கரையில் பெரிய மண்மேடு ஒன்று இருக்கிறது. அதற்குள் புதைந்து கிடந்ததுதான் அசீரியப் பேரரசின் தலைநகரமான நினிவே. 1850-ம் ஆண்டை ஒட்டி லேயார்டு என்ற ஆங்கிலேயரும், அவருக்குப் பிறகு மோசூல்காரரான ரசாமும் அங்கே அரண்மனைகளைத் தோண்டினார்கள். கி.மு. 7-ம் நூற்றாண்டில் ஆண்ட அசுர்பானிபால் என்ற மன்னனின் நூலகம் வெளிப்பட்டது.

அந்த மன்னன் புத்தகப் பிரியன். நாடெங்கும் ஆள் அனுப்பிப் பழைய ஏடுகளைத் திரட்டினான். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதியவைதான் அந்த ஏடுகள். ஒவ்வொரு கோடும் ஆப்பு மாதிரி இருப்பதால் அதை ஆப்பு எழுத்து என்கிறார்கள்.

கி.மு. 612-ல் எதிரிகள் நினிவேயை வீழ்த்தித் தீ வைத்தார்கள். ஓலைச் சுவடியோ தோல் சுருளோ ஆக இருந்தால் சாம்பலாகி இருக்கும். களிமண் பலகைகள் பல, சூளையில் வைத்த செங்கல் மாதிரி வெந்து இறுகிவிட்டன. அழிக்க வைத்த நெருப்பே அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆனால் மாளிகை இடிந்து விழுந்ததில் எல்லாம் நொறுங்கிப்போயின. முழுப் பலகையும் துண்டுமாக சுமார் 30 ஆயிரம் உருப்படிகள் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

அச்சகத் தொழில் உதவியது

ஆப்பு எழுத்தைப் படிக்கும் வித்தை அப்போதுதான் பிடிபட்டிருந்தது. அதில் முன் நின்றவர்களில் ஒருவர் ஹென்றி ராலின்சன். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் இருந்தவர். பாரசீகத்தில் செங்குத்தான மலைப்பாறை மேல் ஏறி, அங்கே வெட்டியிருந்த கல்வெட்டைப் பார்த்து எழுதி வந்தவர்.

மத்தியான வேளையில் தவறாமல் வரும் இளைஞரை, மியூசிய அதிகாரி சாமுவேல் பர்ச் கவனித்தார். பேசிப் பார்த்தபோது அசந்துபோனார். ராலின்சனுக்கும் விஷயம் போயிற்று. அச்சக வேலை முடிந்த பிறகு, மாலையில் வந்து துண்டுகளைத் தரம் பிரிக்க ஸ்மித்தை அனுமதித்தார்கள்.

பல காலம் தகடு செதுக்கிப் பழகிய கண்கள் அவருடையவை. தேய்ந்த கோடும் அவருக்குத் தெரிந்தது. ஒரு துண்டில் இருக்கும் கைஎழுத்தை மனதில் வைத்து, வேறொரு மூலையில் கிடக்கும் மறுபாதியை எடுத்துப் பொருத்திவிடுவார். பண்டிதர்களுக்கு இல்லாத பலம் அது.

1866-ல் முதல் வெற்றி கிடைத்தது. இஸ்ரவேல் அரசன் யெகூ, அசீரிய அரசன் ஷால்மனேசருக்குக் கப்பம் கட்டிய ஆண்டைக் காட்டும் எழுத்தை ஸ்மித் கண்டுபிடித்தார். மறுவருடம் மியூசியம் அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டது. ஸ்மித் செதுக்கு உளியைக் கீழே வைத்தார். 1870-ல் பதவியும் உயர்ந்தது.

பிரளயக் கதை

1872-ல் அவர் கைக்கு வந்த பலகை பாதி உடைந்தது. அதன் மேல் சுண்ணாம்பு படிந்திருந்தது. சுத்தம் செய்கிறவர் ஊரில் இல்லை. அவர் திரும்பி வரும் வரை ஸ்மித் தவியாய்த் தவித்தார்.

சுத்தமாகி வந்த பலகையில் இருந்த கதை இது: தேவர்கள் உலகத்தை வெள்ளத்தால் அழிக்க முடிவு செய்கிறார்கள். ஒரு தேவன் மட்டும் ஒரு மனிதனுக்கு ரகசியமாகச் செய்தி சொல்லிவிடுகிறான். அவன் கப்பல் கட்டுகிறான். குடும்பத்தையும், கைவினைஞர்களையும், விலங்குகளையும் ஏற்றிக்கொள்கிறான். மழை ஊழிக்காலம் போல் கொட்டுகிறது. கப்பல் ஒரு மலை மேல் தட்டி நிற்கிறது. அவன் ஒரு புறாவைப் பறக்க விடுகிறான். இறங்க இடம் இல்லாமல் அது திரும்பி வருகிறது. அடுத்து விட்ட தகைவிலான் குருவியும் திரும்பி வருகிறது. மூன்றாவதாக விட்ட அண்டங்காக்கை வரவில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறான்.

பைபிளில் வரும் நோவாவின் கதை போலவே இருந்தது. டிசம்பர் 3-ந் தேதி லண்டனில் கூடிய ஒரு சபையில் ஸ்மித் இதைப் படித்தார். பிரதமர் கிளாட்ஸ்டன் நேரில் வந்து கேட்டார். மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. பைபிள் உண்மை என்பதற்கு இதுவே சாட்சி என்றார்கள் ஒரு சாரார். பைபிளுக்கு முன்பே இந்தக் கதை இருந்திருக்கிறதே என்றார்கள் மறு சாரார்.

பாலைவனப் பயணம்

கதையில் சில வரிகள் விடுபட்டிருந்தன. அந்தத் துண்டு நினிவேயில்தான் கிடக்க வேண்டும். போய்த் தேடிவரச் செலவுக்கு ஆயிரம் கினி தருவதாக டெய்லி டெலிகிராப் பத்திரிகை முன்வந்தது.

அச்சகத்தையும் மியூசியத்தையும் தவிர வேறு அறியாத ஸ்மித், 1873 ஜனவரியில் கிளம்பினார். துருக்கி சர்க்காரின் அனுமதிக்காகக் காத்துக் கிடந்து, மே மாதம் 7-ந் தேதி நினிவேயில் தோண்டத் தொடங்கினார். ஒரே வாரம். 14-ந் தேதி மாலை, அன்று கிடைத்த துண்டுகளைத் துடைத்துப் பார்த்தபோது, பிரளயக் கதையின் வரிகள் கொண்ட ஒரு துண்டு கையில் இருந்தது!

தேடியது கிடைத்துவிட்டது என்று பத்திரிகை வேலையை நிறுத்திவிட்டது. தொடர்ந்து தோண்ட ஸ்மித்துக்கு ஆசை இருந்தும் முடியவில்லை. அந்தத் துண்டு அதே பலகையைச் சேர்ந்தது அல்ல, பிரளயத்தைப் பற்றிய வேறொரு பழங்கதையைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. அந்த நாட்டில் பிரளயக் கதை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவத்தில் வழங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

அதே வருட இறுதியில் மியூசியமே அவரை மறுபடியும் அனுப்பியது. இரண்டு பயணத்திலும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துத் துண்டுகளைக் கொண்டுவந்தார். 1875-ல் தன் கண்டுபிடிப்புகளைப் புத்தகமாக எழுதினார்.

கடைசிப் பயணம்

மூன்றாவது முறையாக 1875 அக்டோபரில் புறப்பட்டார். இந்தத் தடவை எதுவும் கூடி வரவில்லை. அனுமதி வாங்கவே மாதங்கள் கழிந்தன. போகிற வழியெல்லாம் கொள்ளை நோய். கோடை வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நினிவேயில் தோண்ட முடியவில்லை.

ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. பாபிலோன் பக்கத்தில் கிடைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகளை பாக்தாதில் விலைக்கு வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை எகிபி என்ற வியாபாரக் குடும்பத்தின் கணக்குகள். கடன் பத்திரம், நிலக் கிரயம், பற்றுச் சீட்டு என்று இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கடைக் கணக்கு அப்படியே இருந்தது.

ஊர் திரும்பும் வழியில், வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. நடக்க முடியாமல் ஒரு சிறு கிராமத்தில் கிடந்தார். அந்த நிலையிலும் நாட்குறிப்பு எழுதினார். தன் கடமையை முழுமையாகச் செய்துவிட்டதாகவும், சாவுக்கு அஞ்சவில்லை என்றும், ஆனால் குடும்பத்துக்காக வாழ விரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தார். தன் குறிப்புகளை எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம்.

அவரை அலெப்போ நகருக்குக் கொண்டுசேர்த்தார்கள். 1876 ஆகஸ்டு 19-ந் தேதி அங்கே உயிர் பிரிந்தது. வயது 36. லண்டனில் மனைவியும் சிறு குழந்தைகளும் ஆதரவின்றி நின்றார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை தர பிரிட்டிஷ் அரசாங்கம் உத்தரவிட்டது.

முதலில் எழுதியவர்கள் கணக்கர்கள்

பிரளயக் கதை ஒரு பெரிய காவியத்தின் 11-ம் பலகை. அந்தக் காவியத்தின் கதாநாயகன் உருக் நகரத்து அரசன். உயிர் நண்பன் இறந்ததும், சாவில்லாத வாழ்வைத் தேடி அலைகிறான். கிடைத்த மூலிகையைப் பாம்பு பறித்துக்கொள்கிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பி, தன் நகரத்தின் மதிலைப் பார்த்து ஆறுதல் அடைகிறான். அவன் பெயர் கில்காமேஷ் என்பது 1890-ல்தான் நிச்சயமாயிற்று. ஸ்மித் அதை இஸ்துபார் என்று படித்திருந்தார். தான் கண்டெடுத்த கதாநாயகனின் சரியான பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது.

அவர் இறந்த மறுவருடம், 1877-ல், இராக்கின் தெற்கே தெல்லோ என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள். அசீரியர்களுக்கும் மூத்த சுமேரியர்களின் நகரம் அங்கே வெளிப்பட்டது. ஆப்பு எழுத்து அந்த சுமேரிய நாட்டில்தான் பிறந்தது. கி.மு. 3200-ஐ ஒட்டி, உருக் நகரத்தில் எழுதிய பலகைகள் கிடைத்துள்ளன.

அந்த முதல் எழுத்துகள் காவியமும் அல்ல, மன்னர் புகழும் அல்ல. கிடங்குக்கு வந்த பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, உழைத்தவர்களுக்கு அளந்த படி எவ்வளவு என்ற கணக்குதான் பெரும்பகுதி. ஆறு இருந்தது, விளைச்சல் பெருகியது, ஊர் நகரம் ஆயிற்று. நினைவில் வைக்க முடியாத அளவு கணக்கு வந்தபோது, யாரோ குமாஸ்தாக்கள் களிமண்ணில் குறி போட்டார்கள். உலகத்தில் எழுத்து பிறந்த கதை அது. கதையும் காவியமும் பல நூற்றாண்டு கழித்தே அந்த எழுத்தில் ஏறின.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1924-ல் மொகஞ்சதாரோ, ஹரப்பா பற்றிய செய்தி வெளியானபோது, அவற்றின் வயது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே கிடைத்த முத்திரைகளை சுமேரிய நாட்டில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டுத்தான், இந்த நகரங்கள் சுமார் ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். ஆப்பு எழுத்தைப் படிக்கத் தெரிந்ததால் வந்த பலன் அது.

அந்தப் படிப்பை வளர்த்தவர்களில் ஒருவர், 14 வயதில் பள்ளியை விட்டுத் தொழிலுக்குப் போனவர். மேலதிகாரியிடம் லீவு கேட்டு அவர் படிக்கவில்லை. சாப்பாட்டு மணிக்கும் வேலை மணிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் படித்தார்.

1872-ல் அவர் கையில் இருந்த அந்த உடைந்த பலகை, இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.