வகுப்புவாதி எனத் தூற்றப்பட்ட தேசியத் தலைவர்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

எதிராளியை இனவாதி எனக் குற்றஞ்சாட்டி வாக்குச் சேகரிப்பது அமெரிக்கத் தேர்தல்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அங்கு 1964ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பரி கோல்ட்வாட்டர் மீது இக்குற்றச்சாட்டு பலமாகச் சுமத்தப்பட்டது. சிவில் உரிமைகள் சட்டத்துக்கு எதிராக அவர் செனட் சபையில் வாக்களித்திருந்தமையால் குற்றச்சாட்டுக்கு ஓர் ஆதாரமேனும் இருந்தது. அதற்கு நான்கு தசாப்தங்களுக்கு முன்னரே கொழும்பில் ஒரு தலைவர் வகுப்புவாதி எனப் பெயர் சூட்டப்பட்டார். தமக்கு எழுத்தில் தரப்பட்ட வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கேட்டதே அவர் செய்த குற்றம். அவர்தான் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்த அருணாசலம், கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் புதல்வராவார். கொட்டாஞ்சேனைவாசிகள் நாளாந்தம் காணும் அவ்வாலயத்தைப் பின்னர் கருங்கற் கோயிலாக எழுப்பியவர் அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தாய்மாமனாரான சேர் முத்துக்குமாரசுவாமியோ சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். ஆக, அரசியல் இக்குடும்பத்துக்குப் புதிதன்று. எனினும் அருணாசலம் முதலில் நாடியது அரசாங்க சேவையையே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் என்ற பெருமையுடன் 1875இல் அவர் தாயகம் திரும்பினார். ஆங்கிலேயர் தமக்கே உரியதெனக் கருதியிருந்த சேவை அது.

நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் அவர் கடமையாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. சுமார் 35 இலட்சம் மக்களை இனம், மதம், தொழில் எனப் பகுத்துக் கணக்கிட்ட அவருக்கு, இந்நாட்டின் எந்தச் சமூகம் எங்கு எத்தனை பேராய் வாழ்கின்றது என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் அவர் எழுப்பிய கோரிக்கையை ஆராய்வோர் இதனை மறந்துவிடக் கூடாது.

1913இல் ஓய்வு பெற்றதும் அவர் வீட்டில் முடங்கவில்லை. 1915இல் இலங்கை சமூக சேவைக் கழகத்தைத் தோற்றுவித்தார். பெரி. சுந்தரத்துடன் இணைந்து 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை ஆரம்பித்து, வேலையை விட்டு நீங்கும் தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று அவர் இடைவிடாது நடத்திய இயக்கத்தின் முதற்பலனாக 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் தமிழருக்கென்று மட்டும் செய்யப்பட்டதன்று.

அரசியற் சீர்திருத்தக் கோரிக்கையிலும் அவர் போக்கு அவ்வாறே இருந்தது. 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தை அமைத்த அருணாசலம், இனவாரி நியமனத்தை நீக்கிப் பிரதேசவாரியாக மக்களே உறுப்பினரைத் தெரிவு செய்ய வேண்டுமென வாதாடினார். சிங்கள, தமிழ்ச் சங்கங்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவர அவர் முயன்றபோது யாழ்ப்பாணச் சங்கம் தயங்கியது. பிரதேசவாரித் தெரிவில் பெரும்பான்மையினரின் தயவிலேயே தமிழர் வாழ நேரிடும் என்பது அதன் அச்சம். இவ்வச்சத்தைப் போக்கவே, இலங்கைத் தேசிய சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பீரிஸும் சிலாபச் சங்கத்தின் தலைவர் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசெம்பரில் எழுத்து மூலம் உறுதியளித்தனர். மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதற்குத் தாம் தீவிரமாக ஆதரவளிப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். அதனை நம்பி யாழ்ப்பாணச் சங்கத்தை இணங்க வைத்தவர் அருணாசலமே. 1919 டிசெம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமாயிற்று. தலைமைப் பதவி அவரைச் சேர்ந்தது.

இவ்விடத்தில் முஸ்லிம்களின் நிலையையும் நோக்குதல் அவசியம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் கடைகளையும் உடைமைகளையும் உயிர்களையும் இழந்திருந்த அச்சமூகம், நான்கே ஆண்டுகளில் பிறந்த காங்கிரஸை ஐயத்துடனேயே நோக்கியது. அக்கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடிய இராமநாதன் மீது முஸ்லிம்களுக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் இலகுவில் ஆறக்கூடியதாக இருக்கவில்லை. 1889 முதல் தமக்கெனச் சபையில் இருந்து வந்த ஆசனத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் விரும்பாததில் வியப்பில்லை. பிரதேசவாரித் தத்துவத்தை உயர்த்திப் பிடித்தோர் அதனைக் குறுகிய மனப்பான்மை என்றனர். அப்போது அத்தத்துவத்தின் முன்னணியில் நின்றவர் அருணாசலம். வகுப்புவாதம் என்ற சொல் தமிழர் பக்கம் திரும்புமுன், சிறிய சமூகங்களின் மீதே அது பிரயோகிக்கப்பட்டது.

1921ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. கொழும்பு நகர ஆசனத்துக்கு காங்கிரஸின் ஆதரவுடன் போட்டியிட அருணாசலம் எண்ணியிருந்தார். நகரத்தில் பிறந்தவர், கட்சியின் தாபகர், கல்வியிலும் அனுபவத்திலும் நிகரற்றவர். ஆயினும் காங்கிரஸ் பிரமுகர்கள் ஜேம்ஸ் பீரிஸையே முன்னிறுத்தினர். அவரே சபைக்குச் சென்றார். மேல் மாகாணத் தமிழ் ஆசனம் பற்றிய வாக்குறுதியும் கைகழுவப்பட்டது. அது தனிமனிதர் இருவர் கொடுத்த வாக்கு என்றும், காங்கிரஸை அது கட்டுப்படுத்தாது என்றும் வியாக்கியானம் கூறப்பட்டது. எழுத்தில் கொடுத்தவர்களுள் ஒருவரே கொழும்பு ஆசனத்தைப் பெற்றவர் என்பதுதான் இதில் வேடிக்கை.

அருணாசலம் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். அதன்பின் அவர் மீது வகுப்புவாதி என்ற பழி சுமத்தப்பட்டது. பிரதேசவாரித் தெரிவுக்காக வாதாடியவர் இப்போது இன ஆசனம் கேட்கலாமா என்பது அவர்களின் கேள்வி. கேள்வியில் நியாயம் அறவே இல்லை எனக் கூறிவிட முடியாது. அவருடைய நிலைப்பாடு மாறியது உண்மையே. ஆனால், அது ஏன் மாறியது என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதற்கே அப்பட்டம் உதவியது. வாக்குறுதியை மீறியோர் தேசியவாதிகளாயினர்; அதனை நினைவூட்டியவர் வகுப்புவாதியானார். தேசாதிபதி மனிங் இப்பிளவினால் மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. காங்கிரஸின் பலம் குறைய வேண்டும் என்பதே அவர் விருப்பம். எனினும் பிளவுக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது கொழும்புப் பிரமுகர்களுக்கு வசதியான விளக்கமாகும்.

1923இல் அருணாசலம் இலங்கைத் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பித்தார். தமிழகம் என்ற உணர்வைப் பேணுவதை அதன் நோக்கங்களுள் ஒன்றாக அவர் முன்வைத்தமை, பழி கூறியோருக்கு மேலும் வாய்ப்பளித்தது. ஆனால் சங்கத்தை வளர்த்தெடுக்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. தென்னிந்தியத் திருத்தல யாத்திரை சென்றிருந்தபோது 1924 ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபது.

அவர் கேட்ட ஆசனம் அதே ஆண்டில் கிடைத்தது. புதிய அரசியற் திட்டத்தில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் இடமும் முஸ்லிம்களுக்கு மூன்று இடங்களும் ஒதுக்கப்பட்டன. அத்தமிழ் ஆசனத்துக்குத் தெரிவானவர் அவருடைய மைந்தர் அருணாசலம் மகாதேவா. 1931இல் டொனமூர் திட்டம் இன ஆசனங்கள் யாவற்றையும் ஒழித்தபோது அதுவும் மறைந்தது. இதற்கிடையில், 1930இல், காலிமுகத்திடலை அடுத்துப் புதிதாக எழுப்பப்பட்ட சபை மண்டப வளவில் அருணாசலத்தின் சிலை திறந்து வைக்கப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் செல்வோர் எத்தனையோ பேர் அதனைத் தாண்டிச் சென்றிருப்பர்.

மகாதேவா 1942 முதல் டி. எஸ். சேனாநாயக்காவுடன் மந்திரிகள் சபையில் உள்நாட்டு அமைச்சராக இருந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் அவர் போட்டியிட்டபோது, சிங்களத் தலைவர்களுடன் கூடித் தமிழரைக் காட்டிக்கொடுத்தவர் என்பதே அவருக்கு எதிரான பிரசாரமாக அமைந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலத்திடம் அவர் தோல்வியடைந்தார்.