பின்தங்கிய பயிற்றுநர்

ஆசிரியர் என்றால் எப்போதும் முன்னால் ஓடுபவர் என்றுதான் மாணவப் பருவத்தில் நான் நினைத்திருந்தேன். அமெரிக்கரான பில் பவர்மேனின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

1911இல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்த பவர்மேன், உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்றுநராகவும் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய மலைகளில் போரிட்டுத் திரும்பினார். 1948இல், தாம் படித்த ஓரிகன் பல்கலைக்கழகத்திலேயே திடல்தடப் பயிற்றுநரானார். அவருடைய அணி நான்கு முறை தேசிய அளவில் வெற்றியாளர் பட்டத்தை வென்றது.

1962 இறுதியில் அவர் நியூசிலாந்துக்குச் சென்றார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் சாதாரண மக்களையும் மெதுவோட்டத்தில் ஈடுபடுத்தியிருந்தார். 51 வயதான பவர்மேனும் அவர்களுடன் சேர்ந்து ஓடினார். சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்கியது. எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு முதியவர்தான் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினார்.

வெற்றியாளர்களை உருவாக்கியவருக்கு அது தலைகுனிவுதான். ஆனால், அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அங்கிருந்த நாள்களில் தொடர்ந்து ஓடினார், எடை குறைந்தது. 1963இல் ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கு மெதுவோட்டம் கற்பிக்கத் தொடங்கினார். நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். பழக்கமில்லாதவர்கள் திடீரென ஓடினால் இதயம் தாங்குமா என்ற கவலை எழுந்தது. உடனே இதய மருத்துவர் வால்டோ ஹாரிஸின் உதவியுடன் பயிற்சித் திட்டத்தை வகுத்தார். இருவரும் எழுதிய மெதுவோட்ட நூல் 1967இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னது அந்நூல். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

முன்னாள் மாணவர் ஃபில் நைட்டுடன் 1964இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் நைக்கி ஆனது. வீட்டிலிருந்த வாஃபல் சுடும் கருவியில் ரப்பர் போன்ற கலவையை ஊற்றிக் காலணி அடிப்பகுதியைச் செய்து பார்த்தார். முதல் முயற்சியில் கருவியே ஒட்டிக்கொண்டது! சோதனைகளுக்குப் பயன்படுத்திய பசையின் நச்சு ஆவி அவருடைய கால் நரம்புகளைப் பாதித்தது. ஊரையே ஓடவைத்தவரால் பிற்காலத்தில் ஓட முடியவில்லை. 1999இல் அவர் காலமானார்.

இன்று நானும் ஓர் ஆசிரியர். வகுப்பில் மாணவர் ஒருவர் என்னைவிட நன்றாகச் செய்யும்போது, அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். நியூசிலாந்தில் அந்த முதியவரின் பின்னால் ஓடிய பவர்மேனிடமிருந்து கற்றது அது.