கீரைச் சத்துக்குப் பின்னால ஒரு டாக்டரம்மா! லூசி வில்ஸை தெரியுமா?

2019 மே 10 அன்னிக்கு கூகுளைத் திறந்தவங்க, டூடுல்ல ஒரு டாக்டரம்மாவைப் பார்த்திருப்பீங்க. அவங்கதான் லூசி வில்ஸ். 1888-ல இங்கிலாந்தில் பிறந்தவர். ஆனா, அவர் பெயரை நிலைக்கவெச்சது நம்ம ஊர் அம்மாக்கள்தான்.

1928-ல் பம்பாய் வந்தார் லூசி. அங்கே துணி மில்களில் வேலைபார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் பலர், கடுமையான ரத்தசோகையால இறந்துட்டிருந்தாங்க. கிருமி காரணமில்லை, சாப்பாடுதான்னு சந்தேகப்பட்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு தொடர்ந்தது. ரத்தசோகை வந்த ஒரு குரங்குக்கு, ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் விலை மலிவான மார்மைட்டைக் கொடுத்தார். குரங்கு தேறிடுச்சு. அம்மாக்களும் தேறினாங்க. 1931-ல் இதை வெளியிட்டார்.

அந்தச் சத்துக்கு அப்போ பெயரில்லை; 'வில்ஸ் காரணி'ன்னாங்க. 1941-ல் பாலக்கீரையிலிருந்து பிரிச்செடுத்தப்போ, ஃபோலிக் ஆசிட்னு பெயர் வந்தது. இன்னிக்கு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையில இருப்பது அதேதான். 1964-ல் லூசி மறைந்தார்.

சரி, இது உங்களுக்கு எதுக்கு? ஆரணி நெசவாளர் வீடோ, சென்னை ஃப்ளாட்டோ... பிள்ளை பெத்தவங்களுக்குப் பத்தியம் போடாத வீடு குறைவு. 'இதைச் சாப்பிட்டா குழந்தைக்கு மாந்தம்'னு கீரை, பருப்பு, முட்டைன்னு ஒவ்வொண்ணா தட்டிலிருந்து போயிடும். நீங்க குறைச்சு சாப்பிட்டாலும், தாய்ப்பால்ல ஃபோலேட் அளவு சட்டுன்னு குறையாது. உங்க உடம்புல சேர்த்துவெச்சதை எடுத்துப் பாலுக்குக் கொடுத்துடும். குழந்தை நல்லா இருக்கும்; நீங்க சோர்ந்துபோவீங்க.

அலர்ஜி பயமா? பசும்பால், முட்டை, வேர்க்கடலையின் புரதம் துளியளவு தாய்ப்பாலில் கலக்கும்கிறது உண்மைதான். ஆனா, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால பிரச்னை இல்லை. முன்கூட்டியே எதையும் ஒதுக்கத் தேவையில்லை. குழந்தையின் மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, தோலில் கடுமையான தடிப்பு தெரிஞ்சா டாக்டரைப் பாருங்க. எந்த உணவை, எத்தனை நாள் நிறுத்தணும்னு அவர் சொல்லட்டும். தாய்ப்பாலை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

லூசி, மில் தொழிலாளிப் பெண்களின் தட்டில் எது இல்லைன்னு தேடினார். உங்க வீட்டில் பிள்ளை பெத்த அக்காவோ, அண்ணியோ இருந்தா, இன்னிக்கு அவங்க தட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்க!